பதினொரு கல்

வாசல்படி தொட்டு கேட் வரைக்கும்
இன்டர்லாக் போட்டாயிற்று.
பெய்கிற மழை நேரே ரோட்டுக்கு ஓட
வாட்டம் பார்த்துப் போட்டவர் சுயம்பு கொத்தனார்.
அடுத்த மாதமே கூப்பிட்டுப்
பதினொரு கல்லைப் பெயர்க்கச் சொன்னேன்.
"போட்டதுக்கும் கூலி, எடுக்கதுக்கும் கூலியா?"
இரண்டாவதை அவர் வாங்கவில்லை.

விதை வந்தது கோட்டுப் பையில்.
பொற்றையடி விலக்கில் வண்டி பஞ்சரான அன்று
மருந்துவாழ்மலை அடிவாரத்து முள்ளுக்குள்
கருத்துப் பழுத்துக் கிடந்தது கிளா.
பாதி தின்றேன். மீதி பையில் நசுங்கி
வெள்ளைக் கோட்டில் ஊதாவாய்ப் படர்ந்தது.
ஆசாரிப்பள்ளத்தில், சோதனைக்கு ரத்தம் தர வந்தவர்கள்
ஊசியைப் பார்க்கவில்லை,
என் இடுப்பைப் பார்த்தார்கள்.

நர்சரியில் முதலிலேயே கேட்டிருந்தேன்.
"அது சும்மா பொத்தையில நிக்கதுல்லா அக்கா,
காசு குடுத்து யாரு வாங்குவா?
போகன்வில்லா இருக்கு, மூணு கலர்."

முதல் வருடம்
நாலு இலை.
இரண்டாம் வருடம் முழங்கால் உயரம்,
இலைக்கு முன்னால் முள்.
தினம் நாற்பது பேரைக் குத்துகிறவள் நான்.
கை நடுங்காது, நரம்பு தப்பாது.
என்னைக் குத்தியது இதுதான்,
அதுவும் நரம்பு பார்க்காமல்.
கிள்ளின கொம்பில் பால், விரலில் ரத்தம்,
இரண்டும் ஒட்டிக் காய்ந்து
அன்று சோறு இடது கையால்.

அடுத்த வீட்டு ரெத்தினபாய் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்:
"பிள்ளைய ஓடிக் களிக்க முற்றத்துல
முள்ளையா வைப்பா ஒருத்தி?"
சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்திருக்கிறது.
சாயங்காலம் ஒரு சீப்பு மட்டிப்பழம்
மதிலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
செடியைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

தோஹாவிலிருந்து ஜாஸ்பர்
"முற்றத்தைக் காட்டு பாப்போம்" என்பான்.
கல்லுக்குக் காசு அனுப்பியவன், கேட்பான்தானே.
போனைக் கிழக்கே திருப்புவேன்.
கிழக்கே எல்லாக் கல்லும் இருந்தது.
சிற்பப் பட்டறையில் உளி தட்டுகிற சத்தம்
அவனுக்கும் கேட்கும்.
"மைலாடிச் சத்தம்" என்பான்,
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசமாட்டோம்.

மூன்றாம் வருடம் மார்ச்சில் பூத்தது.
இரவு டியூட்டி முடித்துக் கேட்டைத் திறந்தால்
மல்லிகை மாதிரி, ஆனால் மல்லிகை இல்லை.
காய் வந்தது வெள்ளையும் சிவப்புமாய்.
மாங்காய் இல்லாத ஒரு நாள்
நாலு காயைக் கீறி
நெத்தோலி அவியலில் போட்டேன்.
சட்டியை வழித்துத் தின்றேன், ஒற்றை ஆளாக.

ஆடிக் காற்றோடு வந்து இறங்கினான் ஜாஸ்பர்.
வாங்கிய கார் மூன்றாம் நாள் வாசலுக்கு வந்தது.
ரிவர்ஸ் எடுத்தான்.
கீச்சென்று மூன்று கோடு,
இடது கதவில், நீளமாய்.
இறங்கி
கோட்டைப் பார்த்தான், செடியைப் பார்த்தான்,
குனிந்து கல்லை எண்ணினான் என்று நினைக்கிறேன்.
"எப்பம் வச்ச?"
"நீ போன தடவை போனதுக்குப் பொறவு."
கருத்த பழம் ஒன்றைப் பறித்து வாயில் போட்டான்,
முகம் சுளித்தான்,
விதையைத் துப்பினான்.
இன்னொன்று பறித்தான்.

கார் இப்போது ரோட்டோரம் நிற்கிறது.
சின்னான் குருவி ஜோடி ஒன்று
விடியுமுன்னே வந்து தின்று
கண்ணாடியில் ஊதாவாய் எச்சமிட்டுப் போகும்.
அவன் வைதுகொண்டே துடைப்பான்.
லீவு இன்னும் பத்தொன்பது நாள்.

கேட் பக்கம், இரண்டு கல்லுக்கு நடுவே
விரல் நுழையாத இடுக்கில்
இரண்டு இலை நிற்கிறது.
குருவி போட்டதோ, அவன் துப்பியதோ.
பெருக்கும்போது விளக்குமாற்றைத் தூக்கிக்கொள்கிறேன்.
அவனிடம் சொல்லவில்லை.